வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 20, திங்கள்

காலையில் திருக்கோவிலூரில் பஸ் ஏறி மதியத்துக்குள் புதுச்சேரி வந்துவிட்டேன். கடற்கரையை ஒட்டித் தங்கினால் தேடுவதற்கு வசதி என்று முதலில் அங்கேதான் விசாரித்தேன். மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூக் கொடி, வாசலில் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கிற செம்பருத்தி. வாடகையைச் சொன்னார்கள். இந்தக் கட்டிலில் படுத்தால் தூக்கம் வருமா அல்லது வாடகை நினைப்பு வருமா என்று கேட்டேன். அங்கே நின்ற பெண் சிரித்துவிட்டாள். பெரிய வாய்க்காலைத் தாண்டி வடக்கே போங்க, முத்தியால்பேட்டையில் வீட்டு மாடி அறையே கிடைக்கும் என்று வழி சொல்லி அனுப்பினாள். நல்ல பெண்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டுக்காரி பெயர் பிலோமினா. ஐம்பது வயது இருக்கும். கணவர் தவறிவிட்டார், ஒரே மகள் பிரான்சில். எத்தினி நாளுக்குக்கா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கிடைக்கிற வரைக்கும் என்றேன். சாவியைக் கொடுத்தாள்.

புது இடம், பால் காய்ச்சிவிட்டு உள்ளே போங்கள் என்று தன் அடுப்பைக் காட்டினாள். கிறிஸ்தவ வீட்டில் இது உண்டா என்றால், பால் எல்லார் வீட்டிலும்தான் பொங்கும் என்கிறாள். நான் என்ன குடித்தனம் நடத்தவா வந்திருக்கிறேன்? வேண்டாம் என்றுவிட்டேன்.

எங்கே போனாய், யாரைக் கேட்டாய் என்று தினமும் எழுதி வை அம்மா, இல்லாவிட்டால் போன தெருவுக்கே போவாய் என்று பரணி சொல்லியிருக்கிறான். ஓசூரில் கம்பெனி வேலை, அவனுக்கு விடுப்பு முடிந்துவிட்டது. பிள்ளை சொன்னதற்காக எழுதுகிறேன். முன்கதையையும் எழுதிவிட்டால் பிறகு வசதி. அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெறும் வரைக்கும் பல வருஷம் புதுச்சேரி தடத்தில்தான் ஓடினார். இரண்டு வருஷமாக ஞாபகம் பிசகிக்கொண்டே வருகிறது. பொங்கல் முடிந்த கையோடு ஒரு காலை, பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். தினமும் நடக்கிற கூத்துதான். தெருமுனை டீக்கடை வரை போய்த் திரும்பிவிடுவார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே போயிட்டு வாங்க என்றேன். அன்றைக்கு டீக்கடையில் நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். பழைய ஆள் என்று டிக்கெட் கேட்காமல் புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்களாம்.

அவர் பெயரை எழுத மாட்டேன். போலீஸ் புகாரில்கூடப் பரணிதான் எழுதினான். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் எனக்கு அத்துப்படி. அவர் பெயர் மட்டும் வாயிலும் வராது, கையிலும் வராது. எனக்கு அவர் என்னங்க. அவருக்கு நான் இந்தா. எங்கள் காலம் இப்படியே ஓடிவிட்டது.

ஜனவரி 21, செவ்வாய்

பஸ் நிலையம், மார்க்கெட், பாரதி பூங்கா, காந்தி சிலை, கடற்கரைச் சாலை முழுவதும். போட்டோவைக் காட்டி, இவர் என் வீட்டுக்காரர், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், பஸ் கதவு இடித்தது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. பெயர் என்ன என்று கேட்டவர்களுக்கு மட்டும், பரணி எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன்.

போலீஸ் ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு ஒருவர், மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். உங்க புகார் அங்க, ஆள் இங்க, நாங்களும் பார்க்கிறோம் என்றார். போகும்போது, அரசு ஆஸ்பத்திரியிலயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா, அடையாளம் தெரியாதவங்கள அங்கதான் வெச்சிருப்பாங்க என்றார். நான் உயிரோடு இருக்கிறவரைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில் ஒரே ஆட்டோ நெரிசல். கடலுக்குப் போக இன்னொரு தெரு இருக்கிறது. கொஞ்சம் சுற்று, ஆனாலும் நிழல்.

ஜனவரி 22, புதன்

யாரும் பார்க்கவில்லை. கால் வீக்கம். பிலோமினா வெந்நீரும் உப்பும் கொடுத்தாள்.

ஜனவரி 24, வெள்ளி

பார்த்திருக்கிறார்கள்! சுண்டல் விற்கிறவர் போட்டோவைப் பார்த்ததும், இந்தப் பெரியவரா, நேற்று சாயந்திரம் இங்கேதானே சுவரில் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் இளைத்திருக்கிறார் என்றார். காக்கிச் சட்டை போட்டிருந்தாரா என்றேன். சட்டையை யார் கவனித்தார்கள் என்றார். அதுவும் சரிதான். வாய்க்கால் ஓரத்து இளநீர்க்காரியும் முந்தாநாள் பார்த்தேன் என்கிறாள். மாதா கோயில் வாசலில் பூ விற்கிறவளும் அதையே சொல்கிறாள். எல்லாரும் நேற்று என்கிறார்கள், இப்போதுதான் போனார் என்கிறார்கள். நான் போய்ச் சேருகிற இடத்திலிருந்து அவர் அப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்.

பரணிக்குப் போன் பண்ணினேன். சரிம்மா, ஆனா ஆஸ்பத்திரியிலும் கேட்டியா என்றான். உனக்கும் அந்த ஏட்டுக்கும் ஒரே வாய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படியில் இருமல் சத்தம். அவருடைய இருமல்தான், இரண்டு சின்னது, ஒரு பெரியது. முப்பது வருஷம் பஸ் புழுதி தின்ற இருமலை எனக்குத் தெரியாதா? ஓடி வந்து கதவைத் திறந்தேன். படியில் யாரும் இல்லை, கீழே பிலோமினா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ இருமினாயா என்று கேட்டேன். இல்லையே என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். கடற்கரைச் சாலை முழுக்கக் கொடி, அணிவகுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். கூட்டத்துக்கு நடுவில் அவர் முதுகைப் பார்த்த மாதிரி இருந்தது. முட்டி மோதிக்கொண்டு போனேன். வேறு யாரோ. அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் எந்த முதுகைப் பார்த்தாலும் அவர் முதுகாகவே தெரிந்தது, பயந்து போய்த் திரும்பிவிட்டேன்.

மாலையில் மறுபடியும் இருமல். இந்த முறை நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, வாங்க, சோறு ஆறுது என்றேன். அறிவு கெட்டவள்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை என்பதே மறந்துபோயிற்று. கடற்கரை முழுவதும் எள்ளும் தர்ப்பையும். ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டோவை வைத்துக்கொண்டு நின்றிருந்தவளை ஐயர் ஒருவர் பார்த்துவிட்டு, வாங்கோம்மா, யாருக்குக் குடுக்கணும், பிள்ளை வந்திருக்கானா என்று கூப்பிட்டார். போட்டோவை அவரிடம் காட்டுவதற்காகத்தான் நான் நீட்டியிருந்தேன். அதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அவர் மேல் குற்றம் இல்லை, அன்றைக்கு அங்கே போட்டோவோடு வருகிறவர்கள் எல்லாம் அதற்குத்தான் வருகிறார்கள்.

போட்டோவை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். முத்தியால்பேட்டை வரும் வரைக்கும் வெளியே எடுக்கவில்லை. இன்றைக்கு யாரையும் விசாரிக்கவும் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

கிடைத்துவிட்டார்.

வாய்க்கால் ஓரம், ஒரு மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அதே உயரம், அதே குனிந்த தோள், பின்கழுத்தில் அதே இரண்டு மடிப்பு. ஓடிப்போய்த் தோளைத் தொடத் தைரியம் இல்லை. பத்து நாளாக எத்தனையோ முதுகு பார்த்து ஏமாந்துவிட்டேன். கொஞ்சம் தள்ளி நின்று, என்னங்க என்றேன்.

திரும்பினார். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. திரும்பி, என்னைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வாங்க போலாம் என்றேன். வந்தார். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்து வந்தார்.

தாடி மண்டிக் கிடக்கிறது. பாதி ஆளாகிவிட்டார். காக்கிச் சட்டையைக் காணோம், யாரோ ஒரு கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பிலோமினா வாசலிலேயே நின்று, சுவரில் நான் ஒட்டி வைத்திருக்கிற போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெலிஞ்சி பூட்டாருக்கா என்றாள். ஆமாம், மெலிந்துதான் போய்விட்டார்.

பரணிக்கு இன்னும் சொல்லவில்லை. மாதக் கடைசி, அவனுக்கு வேலை நெருக்கடி. நிதானமாகச் சொல்லலாம்.

பிப்ரவரி 1, சனி

நாவிதரை வீட்டுக்கே வரவழைத்தேன். தாடி எடுத்ததும் முகம் சின்னதாகிவிட்டது. புருவத் தழும்பு தெரியவில்லை. வயதாக ஆகத் தோல் தளர்ந்து தழும்பும் மறையும் போலிருக்கிறது.

வெந்நீர் வைத்து, துண்டைக் கதவில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். தானே குளித்துக்கொண்டார். வீட்டில் நான்தான் முதுகு தேய்த்துவிட வேண்டும். இங்கே தானே செய்கிறார், உடம்பு தேறி வருகிறது.

மாடி அறையை அவருக்கே விட்டுவிட்டு நான் கீழே பிலோமினாவின் அறையில் படுத்துக்கொள்கிறேன். முழங்கால் வலிக்குப் படி ஏற முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பிலோமினா பூசைக்குப் போய்விட்டு வரும்போது பாகற்காய் வாங்கி வந்தாள். அவர் பாகற்காயை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார், கசப்பைத் தின்ன நான் என்ன சர்க்கரை வியாதிக்காரனா என்பார். இன்றைக்கு வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறதிக்காரருக்கு எது பிடிக்காது என்பதும் மறந்துபோகும் அல்லவா?

பிலோமினா பாத்திரம் கழுவுகிற இடத்தில் மெதுவாக, அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே என்று ஆரம்பித்தாள். கோபித்துக்கொள்வேன் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பரணி போன் செய்தான். புதுச்சேரி போலீஸ் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒரு பெரியவர், பொங்கல் வாரத்தில் பஸ் நிலையத்து பெஞ்சில் மயங்கிக் கிடந்தவர். காக்கிச் சட்டை. போட்டோ அனுப்பியிருக்கிறார்கள், முகம் சரியாகத் தெரியவில்லை, நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள் என்றான். அழுதுகொண்டே பேசினான்.

அழாதே, அப்பா என்னோடுதான் இருக்கிறார் என்றேன்.

அவன் நம்பவில்லை. வீடியோவில் காட்டு என்றான். சார்ஜ் இல்லை என்றேன். வீட்டுக்காரம்மா போனில் காட்டு என்றான். அவள் கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். பிலோமினா எதிரேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. காக்கிச் சட்டை ஊரில் எத்தனை பேர் போடுகிறார்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கும்போது படியில் இருமல். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அவர் ஒருமுறைகூட இருமவில்லை, இதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

விடிந்ததும் எழுந்து பிலோமினாவின் செடிகளுக்கெல்லாம் மண் அணைத்துவிட்டார். முருங்கையில் ஒரு கிளையை ஒடித்து, இத விட்டா காய்க்காது என்றார். மதியம் சாப்பிடும்போது, இந்நேரம் கொல்லையில முந்திரி பூத்திருக்கும் என்றார். எங்களுக்குக் கொல்லையும் கிடையாது, முந்திரியும் கிடையாது. பண்ருட்டி வழியாக அத்தனை வருஷம் பஸ்ஸில் போய் வந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்.

ஒரு விசிலை வாங்கி வந்து கொடுத்தேன். அவர் அதை வாயில் வைத்தால் தெருவே திரும்பும். தூக்கத்தில்கூட ரைட் ரைட் என்பவர். விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொழந்தைக்கா என்று கேட்டார். பிறகு ஜன்னல் மேல் பத்திரமாக வைத்தார்.

நன்றாகச் சாப்பிடுகிறார். தட்டைத் தானே கழுவி வைக்கிறார். எத்தனை நாள் கழித்து எனக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அது போதாதா? போதும் என்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை இட்லி. சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இத்தனை நாள் பார்த்த பார்வை இல்லை. துடைத்துவைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

"அம்மா, நீங்க என்னை நல்லாப் பாத்துக்கிறீங்க. ஆனா எங்க வீட்ல தேடுவாங்க" என்றார்.

நான் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். யார் தேடுவார்கள் என்று கேட்டேன்.

"பூங்காவனம். அது பாவம், தனியா எங்கன்னு போயித் தேடும்?"

எந்த ஊர் என்றேன். யோசித்தார், வரவில்லை. முந்திரிக்கொல்லை, கோயில், ஒரு குளம் என்றார். எந்த ஊரில்தான் இவை இல்லை? பிறகு கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"அன்னிக்கி வாய்க்கா ஓரத்துல நான் கூப்ட்டப்ப ஏன் திரும்புனீங்க?"

"என்னங்கன்னு கூப்ட்டீங்களே" என்றார். "அது என்னை அப்படித்தான் கூப்டும்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பார்வை பழையபடி கலங்கிவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

எனக்குத் தெரியும். அவர் திரும்பிய அந்த நொடியே தெரியும். முன்பின் தெரியாத முகம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்த மனிதர் அசைந்திருக்கவே மாட்டார், நானும் அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன். நான் கூப்பிட்டது இந்தப் பக்கத்து மனைவிகள் எல்லாரும் கூப்பிடுவது. ஒரு புருஷன் எழுந்து வந்தார். என் புருஷன் இல்லை. தெரிந்தும் ஆட்டோவில் ஏற்றினேன். வெறும் கையோடு அந்த மாடிப்படி ஏற இன்னொரு நாள் என்னால் முடியாது என்றிருந்தது.

அங்கே ஒருத்தி என்னைப் போலவே போட்டோவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறாள். நான் அவள் வீட்டுக்காரரைக் கதவுக்குள் வைத்துக்கொண்டு இட்லி சுட்டுப் போடுகிறேன். எனக்கே என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பரணியைக் கூப்பிட்டேன். நீ கிளம்பி வா, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். வரேம்மா என்றான். வேறு எதுவும் கேட்காத பிள்ளையைப் பெற்றிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பரணி வந்தான். மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளினான்.

பிப்ரவரி 10, திங்கள்

இத்தனை நாள் சுற்றிப் போன தெரு வழியாக இன்று நேரே போனோம்.

அவர்தான். முகம் கறுத்து வற்றிக் கிடந்தது. இடது புருவத்தில் தழும்பு அப்படியே இருந்தது, மறையவே இல்லை. தலை படிய வாரியிருந்தது. பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்துக் காட்டினார்கள். மேல் பொத்தான் நான் தைத்தது, நூல் நிறம் மாறியிருக்கும். பரணி சுவரில் சாய்ந்துகொண்டான். நான் அழவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கிய மறுநாளே போய்விட்டார் என்றார்கள். நான் முத்தியால்பேட்டைக்கு வந்து இறங்கிய அன்றைக்கே அவர் இங்கேதான் இருந்திருக்கிறார். நேற்று பார்த்தேன், முந்தாநாள் பார்த்தேன் என்று ஆளாளுக்குச் சொன்னது மாடியில் இருக்கிற அந்த மனிதரை. அப்படியென்றால் படியில் இருமியது யார்? கேட்க ஆள் இல்லை.

இத்தனை நாள் அவருக்கு யாரும் இல்லாமல் போயிற்றே என்றேன். பிணவறையில் வேலை செய்கிற ஆள், நடுத்தர வயது, பக்கத்தில் வந்தார்.

"அப்டி சொல்லாதீங்கம்மா. போன வாரம் ஒரு அம்மா வந்துச்சு, பண்ருட்டி பக்கம். அதுவும் வூட்டுக்காரர தேடிக்கினு வந்ததுதான். இவருதான்னு ஒரே புடியா நின்னுச்சு. அது தம்பி தழும்ப காமிச்சி, மாமா இல்லக்கான்னு எவ்ளோவோ சொன்னாரு. கேக்கல. முந்தானையால மூஞ்சத் தொடச்சி, தலைய வாரி வுட்டு, ரொம்ப நேரம் அழுதுது. அப்புறம்தான் இட்டுக்கினு போனாங்க."

முதலில் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் தலையைத் தொட அவள் யார் என்று வந்தது. அடுத்த மூச்சில் நெஞ்சு கரைந்துவிட்டது. நான் அழ வேண்டிய அழுகையை ஒருத்தி வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். அவர் அநாதையாகக் கிடக்கவில்லை. அந்தத் தலையைப் பார்த்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எழுந்ததும் அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எங்களோடு வந்திருந்த ஏட்டு, அதே சிவப்புத் தொப்பிக்காரர், அவள் தம்பியின் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தார். நம்பரைத் தேடிக்கொண்டே, பூங்காவனம்னு பேரும்மா என்றார். நம்பரை எழுதிக்கொள் என்று பரணியிடம் சொன்னேன்.

ஊருக்குக் கொண்டுபோகும் நிலையில் அவர் உடம்பு இல்லை. மாலையில் கருவடிக்குப்பம் மயானத்தில் பரணி கொள்ளி வைத்தான். பிலோமினா கறுப்புப் புடவையில் வாசல் வரை வந்து நின்றாள்.

இன்று படியில் சத்தம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பூங்காவனம் வந்தாள், தம்பியோடு. என்னைவிடச் சின்னவள், வெயிலில் கறுத்த கை, வற்றிய உடம்பு. சந்து முனையிலேயே செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன அன்றே பொட்டை அழித்துவிட்டாளாம். தம்பி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் மறுபடி வைக்கவில்லையாம்.

அவர் முருங்கைக்கு அடியில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவே இல்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவராகத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஏன் இவ்ளோ நேரம் என்று கேட்டார். பிறகு என்னைக் காட்டி, இந்தம்மா வீட்லதான் சாப்ட்டேன், நல்ல சோறு என்றார். அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவருக்கு எதற்கென்று புரியவில்லை, தலையைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு நாங்கள் இருவரும் சமையலறையில் தரையில் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். தெரிந்தேதான் அழைத்து வந்தேன், ஒரு வாரம் வைத்துக்கொண்டேன், உன்னை நினைக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நானும் தெரிஞ்சிதான்க்கா அழுதேன்" என்றாள். "தழும்பப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. ஆனா தேடித் தேடி ஓஞ்சி போயிட்டேன். இவருதான்னு வெச்சிக்கினா, வீட்டுக்குப் போயி படுத்துக்கலாமேன்னு இருந்துச்சி."

அதற்குமேல் எங்களுக்குள் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. பிலோமினா காப்பி கொண்டுவந்து வைத்தாள், குடித்தோம்.

கிளம்பும் நேரம். தம்பிக்கு அக்காவின் வெறும் நெற்றி உறுத்திக்கொண்டே இருந்தது. மாமா பக்கத்துல இப்படியே பஸ்ல வருவியா, பொட்டு வெச்சிக்கினு கெளம்பு என்றான். பிலோமினா வீட்டில் குங்குமம் ஏது? ஓடிப்போய்க் கடையில் வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டாள். என் பையில் ஒரு சின்னக் குங்குமச் சம்படம் இருக்கிறது, திங்கள் முதல் திறக்காதது. எடுத்து வந்து பூங்காவனத்தின் பக்கத்தில் தரையில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை, அவ்வளவு புத்தி எனக்கு உண்டு.

தம்பி அதைப் பார்த்தான், என் நெற்றியைப் பார்த்தான், முகம் சுருங்கிப் போயிற்று. வாணாங்க்கா, கடையில வாங்கிக்கலாம் என்றான். பிலோமினாகூட வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பூங்காவனம் சம்படத்தைத் திறந்தாள். அதை என் கையில் வைத்தாள். முகத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே வெச்சி விடுங்கக்கா."

வைத்தேன். கோணலாகத்தான் விழுந்தது. அவள் சரி செய்துகொள்ளவில்லை, அப்படியே எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்கிப் போனாள்.